கல்லு சொல்றதைப் பாதியில வெட்டாதீங்க மாமா!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கிடக்கு. தீசிஸ் எழுதுறேன்னு ஒரு சாக்கு. உண்மையில தீசிஸும் எழுதலை, பதிவும் எழுதலை. போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு சண்டைதான் இன்னைக்கு எழுத வச்சிருக்கு. சண்டைன்னா பெருசா ஒண்ணுமில்லை. கோழிக்குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவுல நடந்தது.

அல் ஐன் சனையாவுல என் தாய்மாமா ஏசி மெக்கானிக். இருபது வருஷத்துக்கு மேல இங்கதான். நான் இங்க மேல்படிப்புக்கு வந்ததுல இருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு அவர் ரூம்லதான். ஆறு பேர் ரூம், ஆறு பேரும் நம்மாளுங்க. நான் போனதும் யாராவது ஒருத்தர் "வாங்க கல்லு டாக்டரே"ன்னு ஆரம்பிப்பார். பாறையைப் பொடி பண்ணி அதுல இருக்குற ஐசோடோப்பை அளந்து பழைய காலத்துல மழை எப்படி, கடல் எப்படின்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம பொழப்பு. அதை அவங்ககிட்ட சொன்ன நாள்ல இருந்து இந்தப் பட்டம்.

அன்னைக்கு மாமா ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டினார். "பருவநிலை மாற்றம்ங்கறது சும்மா. பூமி எப்பவும் மாறிக்கிட்டேதான் இருக்கு. அரேபியாவுல ஒரு காலத்துல ஏரியும் புல்வெளியும் இருந்துச்சு. அப்ப யாரு காரு ஓட்டினா?" இதுதான் வீடியோவோட சாராம்சம். பார்த்து முடிச்சுட்டு மாமா சொன்னார்: "மாப்ள, நீ சொன்னதுதானே இது? நீயே சொல்லியிருக்கே இங்க ஏரி இருந்துச்சு, யானை இருந்துச்சுன்னு. அப்புறம் என்ன இப்ப மட்டும் பயமுறுத்துறீங்க?"

எனக்குக் குழம்பு தொண்டையில நின்னுடுச்சு. ஏன்னா அவர் சொன்னது நிஜம். அந்தத் தகவலை அவருக்குக் கொடுத்ததே நான்தான்!

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு ரசம் ஊத்துறதுக்குள்ள பதில் சொல்ல முடியலை. அதான் இங்க சொல்றேன். மாமா படிப்பாரு. (படிச்சுட்டு போன் பண்ணுவாரு. அது வேற கதை.)

முதல்ல ஏரி மேட்டர். அது பொய்யில்லை. நம்ம ஊர்ல இருந்து இங்க வர்றவங்க எல்லாரும் ஜெபல் ஹஃபீத் மலைக்கு மேல கார்ல போய் போட்டோ எடுப்பாங்க. வளைஞ்சு வளைஞ்சு போற அந்த ரோட்டுல எங்கயாவது இறங்கி பாறையை உத்துப் பாருங்க. காசு காசா, சின்ன வட்டமா ஏதோ பதிஞ்சிருக்கும். நம்முலைட்டுன்னு பேரு. கடல்ல வாழ்ந்த ஒத்தை செல் உயிரோட ஓடு. அந்த மலை முழுக்க ஒரு காலத்துல கடலடிச் சேறு. மேற்கே அபுதாபியோட அல் தஃப்ரா பக்கம் போனா, சுமார் 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஓடின ஆத்து மணல் இருக்கு. அதுல நாலு தந்தம் உள்ள யானை, நீர்யானை, முதலை எல்லாம் எலும்பா கிடைச்சிருக்கு. ம்லைசாங்கற இடத்துல யானைக் கூட்டம் நடந்து போன காலடித் தடமே இருக்கு.

ரொம்பப் பக்கத்துக் கதை ஓமான் குகைகள்ல இருக்கு. எல்லையைத் தாண்டிப் போனா வர்ற ஓமான் மலையில ஹோத்தின்னு ஒரு குகை. தெற்கே சலாலா பக்கம் குன்ஃப்னு இன்னொண்ணு. குகைக்குள்ள சொட்டுற தண்ணியில இருந்து சுண்ணாம்பு படிஞ்சு படிஞ்சு தரையில இருந்து மேல வளருமே, கல்முளை, அதை அறுத்துப் பார்த்தா மர வளையம் மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கும். மழை இல்லாட்டி சொட்டு இல்லை, சொட்டு இல்லாட்டி வளர்ச்சி இல்லை. அதுலயே பாதிக் கதை தெரிஞ்சுடும்.

மீதிக் கதைக்குத்தான் ஐசோடோப்பு. பயப்படாதீங்க, சுருக்கமா சொல்லிடறேன். ஆக்சிஜன்ல சாதா ஆக்சிஜன் 16. அதைவிடக் கொஞ்சம் கனமான அண்ணன் 18. ரெண்டும் ஒரே மாதிரிதான் நடந்துக்கும், ஆனா கனத்துல வித்தியாசம். மேகத்துல இருந்து மழை விழறப்ப கனமான 18 முந்திக்கிட்டு விழும். அடிச்சு ஊத்துற பருவமழையில, போகப் போக மிச்சம் இருக்குற நீராவியில 18 கம்மியாகிட்டே வரும். அதனால பெருமழைக் காலத்துத் தண்ணியில 18 குறைவு, தூறல் காலத்துத் தண்ணியில 18 ஜாஸ்தி. அந்தத் தண்ணி சொட்டித்தான் கல்முளை வளருது. ஆக கல்லுலயும் அந்தக் கணக்கு பதிஞ்சிடும். நாங்க பல் டாக்டர் மாதிரி சின்ன டிரில் வச்சு மில்லிமீட்டர் மில்லிமீட்டரா பொடி எடுப்போம். அதுல பாஸ்பாரிக் அமிலம் விட்டா கார்பன் டை ஆக்சைடு வரும். அதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ள விட்டா, எத்தனை கனம் எத்தனை லேசுன்னு ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ துல்லியமா எண்ணிச் சொல்லிடும். எந்த அடுக்கு எந்தக் காலம்ங்கறதை யுரேனியம் தோரியமா மாறுற கணக்கை வச்சுச் சொல்லலாம்.

இப்படி அளந்து ஹோத்தி குகைக் கட்டுரை 2001-ல நேச்சர்லயும், குன்ஃப் குகைக் கட்டுரை 2003-ல சயன்ஸ்லயும் வந்துச்சு. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி நம்ம தென்மேற்குப் பருவமழை இப்ப நிக்கிற இடத்துல நிக்காம வடக்கே ஏறி ஓமான் மலை வரைக்கும் வந்திருக்கு. ஆமாங்க, கேரளாவுல ஜூன் மாசம் கொட்டுற அதே மழைதான். அப்புறம் படிப்படியா பின்வாங்கி, சுமார் 6,000 வருஷத்துக்கு முன்னாடி ஹோத்தியை விட்டுப் போயிடுச்சு. இப்ப சலாலாவுல மட்டும் கரீஃப்னு கொஞ்சம் தூறிட்டுப் போகுது.

மாமா, இது வரைக்கும் உங்க வீடியோக்காரன் சொன்னது சரி. ஆனா அவன் இங்கேயே வீடியோவை நிறுத்திட்டான். கல்லு நிறுத்தலை.

மழை ஏன் வந்துச்சு, ஏன் போச்சு? பூமி சூரியனைச் சுத்துற பாதையும், பம்பரம் மாதிரி தலை ஆடுற ஆட்டமும் சேர்ந்து, அந்தக் காலத்துல வடக்குப் பாதிக்குக் கோடைக்காலத்துல இப்போதைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதலா வெயில் கிடைச்சது. நிலம் அதிகம் சூடானா பருவக்காற்று பலமா உள்ள வரும். தலையாட்டம் மெல்ல மாற மாற, வெயில் குறைஞ்சு மழையும் பின்வாங்கிச்சு. குன்ஃப் குகைக் கல்லும் இந்த வெயில் கணக்கும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுது. அதாவது காரணம் இருந்துச்சு, அது என்னன்னு தெரியும், அது நிதானமா நடந்துச்சு. "எப்பவும் மாறிக்கிட்டேதான் இருக்கு"ன்னா காரணமே இல்லாம தானா மாறுதுன்னு அர்த்தம் இல்லை. அந்த ஆட்டம் இன்னைக்கும் நடக்குது, ஆனா அதோட வேகத்துல ஒரு மனுஷ ஆயுசுக்குள்ள ஒண்ணுமே தெரியாது. இப்ப நாம பார்க்குற சூட்டுக்கு அதைக் கைகாட்ட முடியாது. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கா இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்ப 420-ஐத் தாண்டிடுச்சு. அந்தக் கூடுதல் கார்பன் எங்க இருந்து வந்துச்சுன்னும் ஐசோடோப்பே சொல்லுது. செடிகொடிக்கு லேசான கார்பன் 12-தான் பிடிக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய செடிகொடி, பழைய பாசி. அதை எரிக்க எரிக்க காத்துல கார்பன் 13-ஓட விகிதம் குறைஞ்சுக்கிட்டே வருது. திருடன் கைரேகையை விட்டுட்டுப் போன மாதிரி.

இன்னொரு கல்லு இருக்கு மாமா. அதை உங்ககிட்ட நான் சொல்லவே இல்லை. தப்பு என்மேலதான்.

ராசல் கைமாவுல வாதி பீஹ்னு ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் சாம்பல் கலர்ல சுவர் மாதிரி சுண்ணாம்புப் பாறை. 25 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஆழமில்லாத கடலோட அடித்தரை அது. அந்த நேரத்துலதான் பூமியில நடந்ததுலயே பெரிய பேரழிவு. கடல் உயிரினங்கள்ல பத்துக்கு ஒன்பது வகை அழிஞ்சு போச்சு. சைபீரியாவுல எரிமலைகள் வெடிச்சுக் கக்கின கார்பன்தான் முதல் குற்றவாளின்னு நினைக்கிறாங்க. எடின்பரோ பல்கலைக்கழகத்து மாத்யூ கிளார்க்ஸனும் கூட்டாளிகளும் இந்த அமீரகப் பாறைகள்ல போரான் ஐசோடோப்பை அளந்து 2015 ஏப்ரல்ல சயன்ஸ்ல எழுதினாங்க. கடல்தண்ணி எவ்வளவு புளிச்சிருக்குங்கறதை, அதாவது பி.எச். அளவை, போரான் ஐசோடோப்பு காட்டிக் கொடுக்கும்.

அவங்க கண்டதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம். கார்பன் ரெண்டு கட்டமா வந்திருக்கு. முதல் கட்டம் மெதுவா வந்துச்சு. கடல் அதைத் தாங்கிக்கிச்சு, பி.எச். பெருசா அசையலை. ரெண்டாவது கட்டம் சுமார் 10,000 வருஷத்துக்குள்ள வேகமா வந்துச்சு. கடல் தாங்கலை. பி.எச். 0.7 வரைக்கும் இறங்கிடுச்சு. சுண்ணாம்பு ஓடு கட்டி வாழ்ந்த உயிர்கள் கொத்துக் கொத்தா போச்சு.

கார்பன் வந்தது மட்டும் விஷயம் இல்லை மாமா, எவ்வளவு வேகத்துல வந்துச்சுங்கறதுதான் விஷயம். அந்த ரெண்டாவது கட்டத்தோட வேகத்தை இன்னைக்கு நாம கார்பன் விடுற வேகத்தோட ஒப்பிடலாம்னு அந்தக் குழுவே சொல்லியிருக்கு. நியாயமா இன்னொண்ணையும் சொல்லிடணும். அன்னைக்கு வந்த மொத்த கார்பன், இன்னைக்கு மண்ணுக்குள்ள மிச்சமிருக்குற நிலக்கரி, எண்ணெய் கையிருப்பைவிட ஜாஸ்தியா இருந்திருக்கலாம். அதனால நாளைக்கே பத்துக்கு ஒன்பது போயிடும்னு நான் சொல்லலை. அப்படிச் சொன்னா நானும் ஒரு வாட்ஸ்அப் வீடியோக்காரன்தான். ஆனா தொழிற்புரட்சிக்கு அப்புறம் கடலோட பி.எச். ஏற்கெனவே சுமார் 0.1 இறங்கியிருக்கு. "பூமி இதுக்கு முன்னாடியும் சூடாயிருக்கு"ங்கறது ஆறுதல் சொல்ற வாக்கியம் இல்லை. அது ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டோட முதல் வரி.

இதுல எங்க ஆளுங்க பக்கமும் ஒரு குட்டு வைக்கணும். கல்லுகிட்ட கேட்டா எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சிடும்னு நாங்க சில சமயம் பில்டப் கொடுப்போம். அப்படி இல்லை. ஓட்டுல ஆக்சிஜன் 18 கூடினா தண்ணி குளிர்ந்திருக்கலாம், இல்லை துருவத்துல பனி கூடியிருக்கலாம். ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் வரும். வேற சாட்சி வச்சுத்தான் பிரிக்கணும். அதைவிடக் கொடுமை, பாறைக்குள்ள பின்னாடி வந்த தண்ணி புகுந்து பழைய கணக்கை அழிச்சு எழுதிட்டுப் போயிடும். என்னோட முதல் வருஷ சாம்பிள் முப்பத்தி நாலும் அப்படித்தான். நாலு மாசம் டிரில் பண்ணி, அளந்து, அழகா கிராஃப் போட்டு, கடைசியில மைக்ராஸ்கோப்ல பார்த்தா மொத்தமும் பிற்காலத்துல மறுபடி படிகமான சுண்ணாம்பு. முதல்லயே மைக்ராஸ்கோப்ல பார்த்திருக்கணும். என் சோம்பேறித்தனம். கைடு ஒண்ணும் திட்டலை. "இப்ப நீ கல்லை நம்பக் கத்துக்கிட்டே, அடுத்து சந்தேகப்படக் கத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னார்.

அதனாலதான் சொல்றேன், ஒரு குகை, ஒரு கல், ஒரு நம்பர் வச்சு யாராவது அடிச்சுப் பேசினா நம்பாதீங்க. பல இடத்துல, பல ஆளுங்க, பல முறையில அளந்து ஒண்ணுபோல வந்தாத்தான் அதுக்கு மதிப்பு. நம்ம நீலகிரியிலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. யானை ஆராய்ச்சிக்குப் பேர் போன சுகுமாரும், அகமதாபாத் பி.ஆர்.எல்.லோட ஆர். ரமேஷும் கூட்டாளிகளோட சேர்ந்து ஊட்டி மலைச் சதுப்பு மண்ணுல கார்பன் ஐசோடோப்பை அளந்து 1993-ல நேச்சர்ல எழுதினாங்க. ஈரமான காலத்துச் செடியும் வறண்ட காலத்துப் புல்லும் மண்ணுல விட்டுட்டுப் போற கார்பன் 13 வேற வேற. அதை வச்சு சுமார் 20,000 வருஷத்து மழைக் கதையைப் படிச்சாங்க. 9,000 வருஷத்துக்கு முன்னாடி அங்கயும் நல்ல ஈரம், 6,000-த்துக்கு அப்புறம் வறட்சி. ஓமான் குகை சொல்றதையேதான் ஊட்டிச் சேறும் சொல்லுது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ரெண்டு சாட்சி. ரமேஷ் சார் 2018-ல காலமாயிட்டார். நம்ம நாட்டுல இந்தத் துறையைக் கட்டி எழுப்பினவங்கள்ல ஒருத்தர். அவர் பேரைத் தமிழ்ல எத்தனை பேர் எழுதியிருக்கோம் சொல்லுங்க?

இப்ப மாமா ஏன் அந்த வீடியோவை நம்புறார்ங்கறதுக்கு வர்றேன். இதை ரூம்ல வச்சுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

2024 ஏப்ரல் 16 ஞாபகம் இருக்கா மாமா? அல் ஐன் எல்லையில கத்ம் அல் ஷக்லாவுல ஒரு நாள் முடியறதுக்குள்ள 254 மில்லிமீட்டர் மழை. வருஷம் முழுக்கப் பெய்ஞ்சாலே இங்க நூறு மில்லிமீட்டர் பெருசு. 1949-ல பதிவு ஆரம்பிச்சதுல இருந்து அமீரகத்துல இப்படி ஒரு மழை இல்லை. நான் வந்து மூணு மாசம்கூட ஆகலை. ரூம்ல தண்ணி முழங்காலுக்கு ஏறி, கட்டில் மேல பெட்டியெல்லாம் அடுக்கி வச்சுட்டு, நாம ஏழு பேரும் உக்காந்திருந்தோம். அடுத்த வருஷம் ஜூலையில கூரை மேல ஏசி மாட்டிக்கிட்டு இருந்தப்ப உங்களுக்குத் தலை சுத்தி விழப் பார்த்தீங்க. மதியம் 12:30-ல இருந்து 3 வரைக்கும் வெயில்ல வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நீங்க மயங்கினது காலையில பதினோரு மணிக்கு. அத்தைகிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினீங்க. (அத்தை இதைப் படிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.)

"எப்பவும் இப்படித்தான்"னு நினைச்சாத்தான் மறுநாள் காலையில ஏணியில ஏற முடியும். அது எனக்குப் புரியுது. உங்களை நான் முட்டாள்னு நினைக்கலை. ஆனா அந்த வீடியோவை எடுத்தவன் ஏணியில ஏறலை. ஏசி ரூம்ல உக்காந்து எடுத்திருப்பான். அந்த ஏசியை மாட்டினது உங்களை மாதிரி ஒருத்தர்.

என் பக்கமும் சுத்தம் இல்லை. என் ஊர் அரியலூர்ப் பக்கம்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல டிப்பர் ஓட்டுறார். அந்தக் காசுலதான் நான் ஜியாலஜி படிச்சேன். அந்தக் கல்லு கிரெட்டேசியஸ் காலத்துக் கடல். சின்ன வயசுல காரை பக்கம் போனா துப்பாக்கித் தோட்டா மாதிரி கல்லு பொறுக்குவோம். பெலம்னைட்டுன்னு அதுக்குப் பேர், கணவாய் மீனோட ஒண்ணுவிட்ட பாட்டன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஹெரால்டு யூரி 1951-ல பழைய கடல் சூட்டை முதல்முதலா அளந்து காட்டினப்ப, அமெரிக்காவோட பீ டீ படிவத்துல கிடைச்ச ஒரு பெலம்னைட்டைத்தான் அளவுகோலா வச்சாங்க. அந்தக் கல்லு தீர்ந்து போச்சு. ஆனா இன்னைக்கும் உலகத்துல எந்த லேப்ல சுண்ணாம்புப் பாறையை அளந்தாலும் அதோட பேர்ல இருக்குற அளவுகோல்லதான் நம்பர் வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் திரையில அந்தப் பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டவுசர் பாக்கெட் ஞாபகம்தான் வரும்.

அந்தக் கடலைத்தான் நாங்க வெட்டி அரைச்சு சிமெண்ட் ஆக்குறோம். 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில போட்டா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடா மேல போகும். எரிபொருள் புகை தனிக் கணக்கு. பல கோடி வருஷமா கல்லுக்குள்ள பூட்டி வச்ச கார்பன் ஒரு மத்தியானத்துல வெளியேறிடும். கூடவே அந்தக் கல்லுக்குள்ள எழுதியிருந்த கடலோட கதையும் தூளாயிடும். சுரங்கத்தை மூடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா எங்க வீட்டு அடுப்பும் அணைஞ்சிடும், வீடு கட்டுற யாருக்கும் சிமெண்ட் வேணாம்னும் சொல்ல முடியாது. நான் கேக்குறது ரொம்பச் சின்னது. வெட்டுறதுக்கு முன்னாடி, அடுக்கு அடுக்கா ஒரு கைப்பிடி எடுத்து, எந்த இடம், எத்தனை அடி ஆழம்னு எழுதி, ஒரு ஷெட்டுல வைங்க. பக்கத்துக் காலேஜ் ஜியாலஜி பசங்களை விடுங்க, அவங்களே செஞ்சிடுவாங்க. சுரங்கத்துக்குப் போட்ட போர்வெல் கல்லைத் தூக்கிப் போடாதீங்க. இன்னைக்கு அளக்க மெஷின் இல்லாட்டியும் பரவாயில்லை. நாளைக்கு ஒரு பொண்ணு வந்து அளப்பா. கல்லு இருந்தாத்தானே அளக்க முடியும்? வாதி பீஹ் பாறையை யாராவது முன்கூட்டியே அரைச்சிருந்தா 2015 கட்டுரையே இல்லை.

பதிவர் மக்களே, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அரேபியா பசுமையா இருந்துச்சு, குமரிக்கடல்ல நிலம் இருந்துச்சு, அங்க பனி இருந்துச்சுன்னு நாம எல்லாரும் ஆசையா எழுதுவோம். நானும்தான் எழுதியிருக்கேன். எழுதும்போது மூணு கேள்வியைச் சேர்த்துக்கங்க. எவ்வளவு வருஷத்துல மாறிச்சு? எதனால மாறிச்சு? அப்ப அங்க இருந்தவங்க, இருந்ததுங்க என்ன ஆச்சு? இந்த மூணும் இல்லாம எழுதினா, நாம எழுதினதை எவனாவது வெட்டி ஒட்டி என் மாமாவுக்கு அனுப்பிடுவான்.

அடுத்த ஞாயிறு மாமாவைக் கூட்டிக்கிட்டு ராசல் கைமா போறதா பிளான். அந்தச் சாம்பல் சுவரை அவர் கையால தொட்டுப் பார்க்கட்டும். வர்றேன்னு சொல்லியிருக்கார். கூடவே ஒரு கண்டிஷன்: "வழியில எங்கயாவது கல்லைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னே, அங்கேயே இறக்கி விட்டுட்டு வந்துடுவேன் மாப்ள."

நிறுத்தச் சொல்லாம இருக்க முடியுமான்னு தெரியலை :-)

பி.கு: கோழிக்குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. பின்னூட்டத்துல அதைப் பத்தி மட்டும் கேட்கிறவங்களுக்கு முன்கூட்டியே பதில்.